சவுரிராயன் ஊற்றிய ரம்

பட்டாளத்தில் சவுரிராயனுக்கு ரம் ஊற்றும் வேலை வந்ததற்கு ஒரே காரணம், அவர் குடிக்கமாட்டார் என்பதுதான். சாராய நெடி பட்டாலே அவருக்குக் குமட்டும். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு காலனியில், மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கியும் கரும்பு வெட்டியும் பிழைத்த குடும்பம். சாயங்காலமானால் அப்பா எந்த வரப்பில் விழுந்து கிடக்கிறார் என்று தேடிப்போய்த் தூக்கிவந்த பிள்ளைக்கு, அந்த வாசனை வேறெப்படி இருக்கும்?

பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆளெடுத்தபோது ஓடி ஜெயித்து உள்ளே போனவர், இருபத்தாறு வயதில் லடாக்கில் ஒரு மலையுச்சிக் காவல் போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மொத்தம் பன்னிரண்டு பேர். ஹவில்தார் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "குடிக்காதவன் கையில குடுத்தாத்தான் அளவு நிக்கும்" என்று ரம் கேனையும் அளவு டம்ளரையும் இவரிடம் ஒப்படைத்தார்.

அந்த வேலை இவருக்குப் பிடித்துப்போனது. இதைச் சொன்னால் மனைவி கலையரசி இன்றைக்கும் சிரிப்பாள். சாயங்காலம் ஐந்தரைக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு புகைகிற அந்தத் தகரக் கொட்டகையில், எனாமல் மக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். ஆளுக்கு ஒரு அளவு ரம், மேலே கொஞ்சம் வெந்நீர். மக் கைக்கு வந்ததும் வாய் திறந்துவிடும். ஒருத்தன் தன் ஊர் ஏரியில் தண்ணீர் வந்ததா என்பான். ஒருத்தன் அக்கா கல்யாணத்தைப் பற்றிப் பேசுவான். நாள் முழுக்கப் பனியைப் பார்த்துப் பார்த்து ஊமையாகிப்போனவர்கள் அந்த அரைமணி நேரம் மனுஷர்களாக இருப்பார்கள்.

சவுரிராயன் மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதைக் கலையரசியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் அப்பா, ஊர்க்காரர்கள் வாசலில் குனிந்து கை குவித்து, மேலேயிருந்து ஊற்றிய கூழைக் குடித்தவர். இங்கே எந்த ஊர், எந்தத் தெரு என்று பாராமல் பதினோரு பேர் இவர் கைக்குக் கீழே மக்கை நீட்டினார்கள்.

வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்பவன் ஜெகதீசன். வானூர்ப் பக்கம், சொந்த நிலமுள்ள விவசாயக் குடும்பம். "ஜல்தி ஊத்துடா, குளிர்ல பேஜாரா கீது" என்று விரட்டுவான். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பேச்சு என்பதால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பொங்கலன்று, ஜெகதீசனுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. போஸ்ட்டே ஆடியது. காவலுக்கோ வேலைக்கோ வெளியே போகிறவனுக்குத் திரும்பி வந்த பிறகுதான் ரம் என்பது விதி. அன்றைக்கு ஹவில்தாரே, "பொங்கலாச்சேடா, மூணு மணிக்கே எல்லாருக்கும் ஊத்து" என்றார். சவுரிராயன் ஊற்றினார். வழக்கமாகக் கேனிலேயே விட்டுவிடும் தன் பங்கையும், அப்பனான சந்தோஷத்துக்காக ஜெகதீசன் மக்கில் சாய்த்தார்.

நாலு மணிக்குக் காற்றில் வயர்லெஸ் கம்பம் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டு வரச்சொல்லி ஹவில்தார் ஜெகதீசனை அனுப்பினார். போனவன் கம்பத்தை நிமிர்த்தினான். பூட்ஸுக்குள் பனி புகுந்து காலுறை நனைந்தது அவனுக்குத் தெரியவில்லை. உடம்பு கதகதவென்று இருந்ததாம். அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து, பிறந்த பிள்ளைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போய்க் கூட்டிவந்தார்கள். மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்தபோது இடது காலில் மூன்று விரல்கள் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் ஒரு கேப்டன் கேட்டார்: "அவன் எவ்வளவு குடிச்சிருந்தான்?"

"ரெண்டு பங்கு சார். ஒண்ணு என்னுது."

உண்மையைத்தான் சொன்னார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. ஆனால் ஜெகதீசனின் காகிதத்தில், குடிபோதையில் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சவுரிராயன் ரிட்டயராகி வந்து, திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில் கேட்டில் செக்யூரிட்டியானார். ஒருமுறை வானூருக்குப் பஸ் ஏறிப்போய், ஜெகதீசன் வீட்டுத் தெருமுனைவரை நடந்து, அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

போன வருஷம், முன்னாள் படைவீரர்கள் மாதக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற வெங்கடாசலம் பேச்சைத் தொடங்கினார். "டிவில பாத்தீங்களா? எல்லையில நிக்கிறவனுக்கு ரம் எதுக்குன்னு கேக்கறான், ஏசி ரூம்ல உக்காந்துக்கினு!"

எல்லோரும் சிரித்தார்கள். சவுரிராயன் எழுந்தார். "மேல போஸ்ட்ல வேணாம் சாப். கீழ எறங்கினப்புறம் குடுக்கட்டும். சூடாயிட்ட மாதிரி அது ஏமாத்திடும். ஒருத்தன் கால் போனதை நான் பாத்தேன். ஊத்தினவனே நான்தான்."

"அந்தக் கால் இங்கதான் கீது" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெகதீசன். தலை முழுக்க நரைத்திருந்தது. லேசாகச் சாய்ந்தபடி எழுந்து நின்றார். "குடுக்கணும் சாப். அந்த அரைமணி நேரம் இல்லாட்டி பாதிப் பேருக்கு அங்க புத்தி கெட்டிருக்கும். ஆனா சர்க்காரே ஊத்திக் குடுத்துட்டு, கால் போனா மட்டும் குடிகாரன்னு எழுதறது இன்னா நியாயம்?"

வெங்கடாசலம் அதைக் கூட்ட நோட்டில் குறித்துக்கொண்டார்.

டீ கொடுத்தபோது ஜெகதீசனே பக்கத்தில் வந்தார். "எங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனியாமே? ஃபோட்டோல பாத்த மூஞ்சின்னு என் வீட்டுக்காரி சொன்னா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கினு உள்ள வர்றது?"

"ஊத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்லடா. பாதிய மட்டும் சொல்லிட்டு வந்தே பாரு, அதுதான்."

"அவங்க கேட்டது அவ்ளோதான்டா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுத அது இன்னா பரீட்சையா?"

சவுரிராயன் கையில் இருந்த டீ ஆறிப்போனது. முன்கூட்டியே ஊற்றச் சொன்னது யார், குடித்தவனைக் கம்பம் நிமிர்த்த வெளியே அனுப்பியது யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் ஹவில்தார் மாட்டிக்கொள்வாரே என்ற பயமும் இருந்தது. அதை இப்போதுதான் தனக்கே ஒப்புக்கொண்டார்.

அந்த ஹவில்தார் இறந்து பல வருஷமாகிறது. அடுத்த வாரமே சவுரிராயன், நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் தவற்றையும் விடவில்லை. வெங்கடாசலம் ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போடவைத்தார். போன மாதம், ஜெகதீசனை மறுபடி மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பென்ஷன் கிடைக்குமா என்று தெரியாது.

லீவு நாளில் சவுரிராயன் இப்போது வானூர் போகிறார். அந்தக் கொட்டகையையும் மக் வரிசையையும் பற்றிப் பேசுவார்கள். யார் என்ன சொல்லிச் சிரித்தான், யார் லெட்டரைப் படித்து அழுதான் என்று ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் எடுத்துக் கொடுப்பார். ரம் வேண்டும் என்று ஜெகதீசனும், மேலே கூடாது என்று சவுரிராயனும் கடைசியில் எப்படியும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பிறந்த பெண் ஆர்த்தி தோசைத் தட்டோடு வந்து, "ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க" என்று அதட்டுவாள். சாப்பிடுகிற வரைக்கும் சும்மா இருப்பார்கள்.