என் மகளின் தோழியைத் தேடிப் போன நாள்

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இருந்தால், என் முதல் ஸ்தோத்திரம் உங்களுக்கு. இது சந்தோஷமான சாட்சி அல்ல. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. நான் கேட்டதிலேயே பெரியது எனக்குக் கிடைக்கவில்லை. என் மகள் நிவேதா பதினாறு வயதில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள்.

என் பெயர் எஸ்தர். மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறோம். என் கணவர் டேவிட் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். நான் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள். சபைகளிலும் வாலிபர் முகாம்களிலும் பிள்ளைகள் என் புத்தகங்களை வாங்கிப் படிப்பார்கள். என் கதைகளில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வரும். எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன்பே பிள்ளை பிழைத்துவிடும். நான் பொய் எழுதவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று முழுமனதோடு நம்பியிருந்தேன்.

நிவிதான் என் முதல் வாசகி. எழுதி முடித்த அத்தியாயத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு படிப்பாள்.

"மா, இந்தப் பொண்ணு பேசுறது சண்டே ஸ்கூல் டீச்சர் பேசுற மாதிரி இருக்கு. எங்க கிளாஸ்ல எவளும் இப்படிப் பேச மாட்டா."

எனக்குக் கோபம் வரும். ஆனாலும் திருத்துவேன். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் கயல் என்ற பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கயல் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறாள். அதுவரைக்கும் நிவி படித்துவிட்டாள். கயல் குணமாகும் அத்தியாயத்தை நான் எழுதத் தொடங்கியபோது நிவிக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். சபையில் ஆள் மாற்றி ஆள் இடைவிடாமல் ஜெபிக்கிற சங்கிலி ஜெபம் வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படித் திருப்பத்தில் முழங்கால் போட்டேன். ஆட்கள் என்னைத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். "ஆண்டவரே, நீர் மரித்த பிள்ளையையே எழுப்பினவர். என் பிள்ளைக்கு வெறும் காய்ச்சல்தானே" என்று அவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னேன். அதிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டேன்.

டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை.

அடக்கத்துக்கு வந்த ஒரு சகோதரி என் தலையைத் தடவி, "கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறிச்சுக்கிட்டார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் தோட்டத்தில் பூவுக்கா பஞ்சம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் ஜெபிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவேன். பாட்டு நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். வீட்டில் என் கணவர் சாப்பிடுவார், டியூட்டிக்குப் போவார், திரும்பி வந்து டிவியைப் போடாமலே அதற்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் பெயரைச் சொல்வது நின்றுபோனது. அவர் அழுதுவிடுவாரோ என்று நானும், நான் அழுதுவிடுவேனோ என்று அவரும் பயந்தோம். உண்மையில் எனக்கு அழுகையே வரவில்லை. கயல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தாள். பதிப்பகத்திலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன்.

ரிஸ்வானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. அவளுடைய அத்தாவுக்கு முடிச்சூர் ரோட்டில் டைல்ஸ் கடை. அம்மா சபீரா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ரிஸ்வியும் நிவியும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் எங்கள் வீட்டில், ரம்ஜானுக்குப் பிரியாணி அவர்கள் வீட்டில். அடக்கத்துக்குப் பிறகு ரிஸ்வி எங்கள் வாசலுக்கே வரவில்லை. நிவி போட்ட அதே யூனிஃபார்மில் அவளைத் தெருவில் பார்த்தால் நானும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். வராததே நல்லது என்று விட்டுவிட்டேன்.

ஜூலை மாதத்தில் நிவியின் பிறந்த நாள் வந்தது. அன்று காலை என் கணவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டியூட்டிக்குக் கிளம்பினார். நானும் ஒன்றும் சொல்லாமல் டிபன் பாக்ஸைக் கொடுத்தேன். மதியம் சபீரா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"அக்கா, ரிஸ்வி இங்க வந்தாளா?"

"இல்லையே, என்ன ஆச்சு?"

"ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்க. காலையில இருந்தே வரலையாம். போனை வீட்லயே வெச்சுட்டுப் போயிருக்கா. அவங்க அத்தா ஸ்டேஷனுக்குக் கம்ப்ளெயின்ட் குடுக்கப் போயிருக்கார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்ச நாளாவே சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. அக்கா, இன்னிக்கி நிவி பர்த்டே இல்ல?"

அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரைக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அப்போதுதான் போன வருடப் பிறந்த நாள் நினைவுக்கு வந்தது. காலேஜைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் அடம்பிடித்தார்கள். அது இருக்கிற பொத்தேரிக்கு மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே படிக்கிற பிள்ளைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ரெண்டு பேரும் இங்கேயே சேரணும், ஒரே ரூம் எடுக்கணும் என்று முடிவுசெய்தார்கள். திரும்புகிற ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"பொத்தேரி" என்றேன். "சபீரா, செருப்பைப் போட்டுக்கிட்டு வா."

ரயிலில் சபீரா என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். அவள் விரல்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தன. பெருங்களத்தூர் போனது. வண்டலூர் போனது. நான் கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது.

"உம்மோடு பேச எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பேசுகிறேன். என் பிள்ளையைக் கேட்டேன், நீர் தரவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளையைத் தாரும். இவள் அம்மா என்னைப் போல ஆகக் கூடாது. இதை மட்டும் தாரும்."

ஆமென்கூடச் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரியில் கூட்டம் ஏறியது. அடுத்தது பொத்தேரி.

இறங்கியதும் பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் விற்கிற அம்மாவிடம் சபீரா அடையாளம் சொல்லிக் கேட்டாள்.

"இஸ்கூல் யூனிபாரம் போட்ட பொண்ணா? காலீலேர்ந்து அந்தக் கடைசீல குந்திகினு கீதுமா. பழம் குட்த்தேன், வாணாம்னுச்சு."

கூரை முடிந்து வெயில் விழுகிற இடத்தில் ரிஸ்வி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து தண்டவாளத்துப் பக்கம் நகர்ந்தாள்.

"அம்மா, கிட்ட வராத!"

சபீரா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் மெதுவாக நடந்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, "கால் வலிக்குதுடா ரிஸ்வி. உக்காரட்டுமா?" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நேரமா இருக்க?"

"தெரியல ஆன்ட்டி. ஒவ்வொரு ட்ரெயின் வரும்போதும் எந்திரிக்கிறேன். அப்புறம் உக்காந்துக்கிறேன்."

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. வெளியே காட்டவில்லை.

"எதுக்கும்மா?"

அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஜுரம்னு அவ என்கிட்டதான் முதல்ல சொன்னா. உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவளுக்கு ஜுரம் இருந்துச்சு ஆன்ட்டி. மாத்திரை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தா. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூல் கல்ச்சுரல்ஸ் ப்ரோக்ராமுக்கு விட மாட்டாங்க, சொல்லாதன்னு சத்தியம் வாங்கினா. நான் சொல்லல. ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்கேன். வந்து சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா இல்ல?"

பிரியமானவர்களே, இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தக் கணத்தில் என் உடம்பு முழுவதும் கோபம் ஏறியது. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் இவள் வாயை மூடிக்கொண்டிருந்தாளா? அவளைப் பிடித்து உலுக்கக் கை துடித்தது. தூரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்தது. ரிஸ்வி திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளையைத் தாரும் என்று ரயிலில் கேட்டேன். அவர் தந்துவிட்டார். என் எதிரில் நிற்கிறாள். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது இப்போது என் கையில் இருக்கிறது.

"ரிஸ்வி, என்னைப் பாரு. உன்ன நம்பித்தான் அவ உன்கிட்ட சொன்னா. ஜுரத்தை மறைக்காத பிள்ளை எங்க இருக்கு? அவ போனது டெங்குவால. உன்னால இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

"என் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

பொய் சொல்ல முடியவில்லை. "இருக்கு. இப்போ நீ சொன்னதும் வந்துச்சு. அது போயிடும்மா. நீ போயிட்டா எனக்கு எதுவும் போகாது. இங்க வா."

எக்ஸ்பிரஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். ரயில் எங்களைக் கடந்து போகிற சத்தத்தில் நான் வாய்விட்டுக் கதறினேன். அடக்கம் முடிந்து அத்தனை மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. சபீரா எப்போது வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள் என்று தெரியாது. கொய்யாப்பழ அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே ரிஸ்வியை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அதையும் நான் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகத்தான் எண்ணுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் ஜெபியுங்கள், கூடவே மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

ரிஸ்வியைக் கூட்டி வந்த அன்று மாலையே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிவி காய்ச்சலை மறைத்தது உட்பட. அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "கல்ச்சுரல்ஸ்ல அவ என்ன பண்றதா இருந்தா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ரிஸ்வியை வீட்டுக்குக் கூப்பிட்டோம். குரூப் டான்ஸில் நிவியைப் பின்வரிசையில் நிற்க வைத்தார்களாம். முன்வரிசைக்கு வருவதற்காக மிஸ்ஸிடம் தினமும் சண்டை போட்டாளாம். ஜுரத்தோடு ஆடிக்காட்டி இடம் பிடித்தாளாம். ரிஸ்வி அதை நடித்துக் காட்டினாள். என் கணவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உடைந்துபோனார். "நிவி, நிவி" என்று அவர் அவள் பெயரைச் சொல்லி அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரிஸ்வி கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "ஆன்ட்டி, கயல் என்ன ஆனா? நிவி எனக்கும் படிச்சுக் காட்டுவா."

"என்ன ஆகணும்ங்கற?"

"பொழச்சிட்டான்னு எழுதினா நான் படிக்க மாட்டேன்."

மறுநாள் எழுத உட்கார்ந்தேன். கயலை நான் எழுதிக் காப்பாற்றவில்லை. அவளைச் சாக விடுவதற்கு எனக்குப் பல வாரங்கள் ஆயின. இன்னொரு முறை பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. கயலுக்குப் பிறகு அவளுடைய தோழி எப்படிப் பள்ளிக்கூடம் போனாள், எப்படி ஆண்டவரோடு சண்டை போட்டாள், சண்டை போட்டும் அவர் எப்படி விட்டுப் போகவில்லை என்பதுதான் மீதிக் கதை.

பதிப்பாசிரியர் தயங்கினார். "மேடம், பிள்ளைங்க மனசு உடைஞ்சிடாதா?"

"ஏற்கெனவே உடைஞ்ச பிள்ளைங்களும் இருக்காங்க சார். அவங்க படிக்க ஒண்ணு வேணும்" என்றேன். புத்தகம் வந்தது. சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். வாலிபர் முகாம் ஒன்றில் அப்பாவை இழந்த ஒரு பெண் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, அந்தப் பொண்ணு இயேசப்பாகிட்ட கத்துறா இல்ல, அப்படிப் பண்ணலாமா? தப்பில்லையா?" என்று கேட்டாள்.

"தப்பில்லம்மா. நானும் கத்தியிருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார்."

ரிஸ்வி நன்றாக இருக்கிறாள். கல்லூரிக்குப் போகிறாள். அவள் குரல் தெருவில் கேட்கும்போதெல்லாம் நான் நின்ற இடத்திலேயே நன்றி சொல்கிறேன். ஒரு பிள்ளைக்காகக் கேட்டேன், இல்லை என்றார். இன்னொரு பிள்ளைக்காகக் கேட்டேன், தந்தார். முதலாவதற்கு ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் ஜெபிக்க மனமில்லாத என் வாயிலிருந்து வந்த சண்டையையும் ஜெபமாக எடுத்துக்கொண்ட ஒருவர் இருக்கிறார். அவரை நம்புகிறேன்.

உங்களால் ஜெபிக்க முடியவில்லையா? முடியவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். அழ முடியவில்லையா? தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்கள் இழந்தவரை நேசித்த இன்னொருவர் உங்கள் தெருவிலேயே ஒன்றும் பேசாமல் இருக்கலாம். போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்தப் பெயரை இருவருமாகச் சொல்லுங்கள். கர்த்தர் அங்கே இருப்பார்.