மோகன் பொறுக்கி எடுத்த பிராக்கெட்டுகள்

1. மூன்று மில்லிமீட்டர்

தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் தயாரிக்கும் கம்பெனியில் நான் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒரு திங்கட்கிழமை காலை, வந்திறங்கிய நானூறு பிராக்கெட்டில் ஒன்றுகூடக் கட்டிலில் பொருந்தவில்லை. துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. செய்து அனுப்பியவர் செல்வம். பம்மலில் ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

“டிராயிங்லயே தப்பு கீது மேடம். பாத்த அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சொல்லலை?”

“போன ஆர்டர்ல சொன்னேனே. ‘டிராயிங்படி செய்யவும், மாற்றினால் பெனால்டி’ன்னு லெட்டர் வந்துச்சு. நீங்கதான் கையெழுத்து போட்டுகீறீங்க.”

ஃபைலைப் பிரித்தேன். லெட்டர் இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான். டிராயிங்கில் தப்பு செய்தது எங்கள் டிசைன் பிரிவு. தப்பைக் கண்டவரின் வாயை அடைத்தது நான்.

2. மூன்று பக்க அக்ரிமென்ட்

வாங்குபவரும் செய்துதருபவரும் கூட்டாளிகளாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை இப்போது ரிலேஷனல் கான்ட்ராக்ட் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. வழக்கமான பர்ச்சேஸ் ஆர்டருடன் மூன்று பக்கம் சேர்த்தேன். மாதம் ஒருமுறை இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். கோளாறு யார் கண்ணில் பட்டாலும் அன்றே சொல்ல வேண்டும். அன்றே சொன்னதற்குப் பெனால்டி கிடையாது. சரிசெய்வது இருவருக்கும் பொது வேலை.

ப்ராஜெக்ட் ஹெட் ராகவன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது அக்ரிமென்ட்டாம்மா, கல்யாணப் பத்திரிகையா? வெண்டர் தப்பு பண்ணுவான், நாம போய் முதுகைத் தடவிக் குடுக்கணுமா?”

“ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் சார்.”

“ஒண்ணே ஒண்ணு. சொதப்பினா இந்த மூணு பக்கத்தையும் நானே கிழிப்பேன்.”

அந்த ஒரு ப்ராஜெக்ட், புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு நூற்று இருபது கட்டில். பிராக்கெட் ஆர்டர் செல்வத்துக்கு.

3. செய்தித்தாள் பொட்டலம்

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கட்டில்கள் பவுடர் கோட்டிங் முடிந்து, அசெம்பிளி ஆகி, வரிசையாக நின்றன. முதுகுப்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் பிராக்கெட் கட்டிலுக்கு நான்கு. மொத்தம் நானூற்று எண்பது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாவற்றையும் பாஸ் செய்திருந்தது.

அன்று பதினொன்றரை மணிக்குச் செல்வம் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்து ராகவன் சார் மேஜையில் வைத்தார். குறுக்கே அறுத்த பிராக்கெட்.

“காலைல மீந்த பீஸ் ஒண்ண சும்மா அறுத்துப் பாத்தேன் சார். வெல்டிங் மேலாப்புல ஒக்காந்துனுகீது, உள்ள எறங்கல. ரெண்டு நாள் மத்தியானத்துல வோல்டேஜ் கம்மி. புதுசா வந்த பையன்... பையன் இன்னா, நாப்பது வயசு ஆளு, மோகன். அவன் மிஷின் இருந்த கரண்ட் லைன்லதான் பேஜார். சரக்க சீக்கிரம் முடிக்கணும்னு அப்படியே ஓட்டிட்டான்.”

நோயாளி சாய்ந்திருக்கும்போது அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எத்தனை பீஸ்?” என்றார் ராகவன் சார்.

“மூணு வெல்டர் செஞ்சது, எல்லாம் கலந்துபோச்சு சார்.”

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்தால் மூன்று வாரம். தேதி போய்விடும், ஆர்டரும் போய்விடும். ராகவன் சார் என்னைப் பார்த்தார். மூன்று பக்கமும் அவர் டிராயரில் இருந்தது எனக்குத் தெரியும்.

“அந்த மோகன் எங்க?” என்றார்.

“கேட்டாண்ட நிக்கிறான் சார். செக்யூரிட்டி உள்ள உடல.”

4. விரலால் படித்தவர்

மோகன் கட்டில் வரிசைக்கு முன் வந்து நின்றார். சட்டை முழுக்கத் தீப்பொறி ஓட்டை.

“உன் வேலைய உன்னால அடையாளம் சொல்ல முடியுமா?”

“சொல்லலாம் சார். நான் இடதுகைக்காரன். வெல்டிங் ராட எடுக்கிற எடத்துல எனக்கு இடதுபக்கம் ஒரு சின்ன முண்டு நிக்கும். மத்தவங்களுக்கு வலதுபக்கம் நிக்கும்.”

முதல் கட்டிலின் அடியில் கையை விட்டார். பார்க்கவில்லை, பெயின்ட்டுக்கு மேல் கட்டைவிரலை ஓட்டினார். “இல்ல. இல்ல. இது என்னுது. இல்ல.” நான் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போனேன்.

ராகவன் சார் நம்பவில்லை. குறி போட்டதில் ஐந்து, போடாததில் ஐந்து கழற்றச் சொல்லி, பட்டறை வைஸில் இறுக்கிப் பிடித்துச் சுத்தியலால் அடிக்க வைத்தார். குறியில்லாத ஐந்தும் வளைந்தன, வெல்டிங் விடவில்லை. மோகன் காட்டிய ஐந்தும் இரண்டாவது அடியில் கழன்று விழுந்தன.

அத்தனை வருடத்தில் எத்தனையோ ரிஜெக்‌ஷன் பார்த்தவள் நான். வெண்டரின் ஆள் எங்கள் இடத்தில், எங்கள் ஆட்கள் நடுவில், தன் தப்பைத் தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்ததை அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் இன்ஸ்பெக்டர் ஸ்டூல் கொண்டுவந்து அவருக்குப் போட்டார்.

மாலை நான்கு மணிக்குக் கணக்கு ஐம்பத்தேழு.

“ஐம்பத்தெட்டு இருக்கணும் சார்,” என்றார் மோகன். “ரெண்டு நாளும் சேத்து ஐம்பத்தொம்போது அடிச்சேன். ஒண்ணு முதலாளி அறுத்துட்டாரு.”

கட்டில்களை மறுபடி எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பதுதான் இருந்தன. ஒன்றை சாம்பிளாக ஆஸ்பத்திரிக்கு முந்தின நாளே அனுப்பியிருந்தோம்.

“பெயின்ட் சரியில்லைன்னு ஏதாவது சாக்கு சொல்லி மாத்திட்டு வந்துடலாமா?” என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

ராகவன் சார் கார் சாவியை எடுத்தார். “இவங்க நம்மகிட்ட சாக்கு சொல்லலையே. வாப்பா மோகன், முன்னாடி உக்காரு.”

ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் ராகவன் சாரே எல்லாவற்றையும் சொன்னார். அறுத்த பீஸையும் காட்டினார். நிர்வாகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிச்சம் எப்ப வரும்?” என்று மட்டும் கேட்டார். மோகன் கட்டிலடியில் படுத்து, ஐம்பத்தெட்டாவதைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு கம்பெனி ஆட்களும் சேர்ந்து, கழற்றியவற்றை மட்டும் புதிதாகச் செய்து மாட்டினோம். திறப்புக்கு முந்தின நாள் காலை கடைசிக் கட்டில் போய்ச் சேர்ந்தது.

கான்ட்ராக்ட் எழுதப்போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு ஷரத்தை எழுதியதும், அதைக் கோளாறு கண்ணில் பட்ட ஆளாக இருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். படித்தபின் உங்களுக்குப் போன் செய்யத் தோன்றுகிறதா, பீஸை மறைக்கத் தோன்றுகிறதா? மோகனின் நேர்மையை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை, எழுதவும் முடியாது. அதற்குக் குறுக்கே நிற்காமல் வழியை விட்டேன், அவ்வளவுதான்.