வெயிலில் வைத்த தண்ணீர்

இந்த ஊரில் வெயில் வந்தால் வேலை நின்றுவிடும். சுவீடனுக்கு வந்த முதல் ஏப்ரலில், ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்க்கும் ஆனிகா "சூல்! சூல்!" என்று கூவிக்கொண்டு வெளியே ஓடினாள். யாரோ உண்டாகியிருக்கிறார்கள் போல என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு நானும் வாழ்த்துச் சொல்லப் போனேன். சூரியனுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயராம். சுவரோரம் எட்டுப் பேர் வரிசையாகச் சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தை மேற்கே காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் நிழல் பார்த்து ஒதுங்கினேன். உடம்பு சரியில்லையா என்று ஆனிகா கேட்டாள். "எனக்கு ஊரிலேயே போதுமான அளவு கொடுத்துவிட்டார்கள்" என்றேன். ஏதோ சிகிச்சையைச் சொல்கிறேன் என்று எண்ணி, அவள் பரிவோடு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரித் தோள்தட்டல்கள் பழகியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வெயிலுக்கு ஒதுங்குகிற எனக்கு வெயில்தான் பிழைப்பு. சூரிய ஒளி தண்ணீரை என்ன செய்கிறது என்பதுதான் பதினைந்து வருஷமாக என் ஆராய்ச்சி. இங்கே காட்டு ஏரிகளின் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். வெயில் பட்டால் மெல்ல வெளுக்கும். அதை அளந்து எழுதச் சம்பளம் தருகிறார்கள். கோவில்பட்டியில் பள்ளிக்கூடம் படிக்கும்போது, லாரித் தண்ணீர் பிடித்த வெள்ளைக் கேனை ஒருமுறை வெயிலிலேயே விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் பச்சைப் பாசி பிடித்துவிட்டது. பக்கத்தில் கறுப்பு டிரம்மில் இருந்த அதே தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. "குடிக்கிற தண்ணியப் போயி வெயில்ல வைப்பாளா ஒருத்தி? ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று அம்மா வைதாள். அந்த வசவுக்குப் பதில் தேடித்தான் வேதியியல் படித்தேன் என்றால் புளுகாகிவிடும். ஆனால் கேள்வி அங்கேதான் முளைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் குழு ஓர் எளிய முறையைக் கிராமத்தில் வைத்துச் சோதிக்க நினைத்தது. தெளிந்த தண்ணீரைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடும். எந்த நாட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தபோது, "வெயிலுக்கு எங்கள் கரிசலை விட்டால் வேறு இடம் ஏது?" என்று மார்தட்டினேன். விளாத்திகுளம் பக்கம் ஊருணித் தண்ணீர் குடிக்கும் ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ஆடு வளர்க்கும் சுப்புத்தாய் அக்கா வீட்டு மாடியில் தினமும் காலையில் பாட்டில்களை அடுக்கி, மாலையில் எடுத்துக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. கோவில்பட்டியில் ஆய்வுக்கு எடுத்த அறையில் அவற்றைச் சோதிப்பது என் வேலை. முதல் இரண்டு வாரத்தில் ஒரு கிருமிகூடச் சாகவில்லை. மாடியில் வைத்த தண்ணீருக்கும் வீட்டுக்குள் இருட்டில் வைத்த தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை. மாதக் கடைசிக்குள் நல்ல முடிவு வராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். என் வாய்க்கொழுப்புக்கு இது தேவைதான் என்று நொந்துகொண்டேன். "அங்கே ஒரே மேகமூட்டமா?" என்று ஆனிகா போனில் கேட்டாள். பங்குனி வெயிலில் மண்டை காய நின்றுகொண்டு அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாடியில் ஏறினேன். பாட்டில்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக நின்றன. மேலே ஈரச்சாக்கு வேறு.

"இதென்னக்கா?"

"வெயிலு இந்தப் பாடு அடிக்கே, தண்ணி வெந்நியாப் போயிருமுல்லா? அம்புட்டுத் தூரத்துல இருந்து இதுக்குன்னே வந்துருக்கீங்க. தண்ணி கெட்டுப்போனா நம்ம ஊருக்குல்லா கேவலம்? அதான் வெயிலு நவுர நவுர நானும் நவுத்தி வைக்குதேன்."

ஆட்டுக்குத் தழை ஒடிப்பதைக்கூட விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அந்தப் படியை ஏறி இறங்கியிருக்கிறார். அவரைக் கோபிக்க எனக்கு வாய் ஏது? 'மாடியில வைங்கக்கா' என்றுதான் நான் சொல்லியிருந்தேன். 'வெயில்ல' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. வடக்கே இருந்து இருந்து, மாடி என்றால் வெயில் காயத்தான் என்று எனக்குப் புத்தி மாறிப்போயிருந்தது. அவருக்கு மாடி என்றால் மாடி, தண்ணீர் என்றால் நிழல். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. உட்கார வைத்து விளக்கினேன்.

"கிருமிய வெயிலு கொன்னுருமா? தலவலிதான் குடுக்கும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அன்றைக்கே சாக்கை எடுத்துவிட்டார். அடுத்த வாரம் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுகளைப் பார்த்தபோது கிருமிகள் அநேகமாக இல்லை. ஆய்வு அறைக்குள்ளேயே நான் ஒரு குதி குதித்தேன். திட்டம் பிழைத்தது. சாயங்காலம் பாட்டிலை ஈர மணலில் புதைத்து ஆறவைத்துக் குடிப்பது அக்காவின் சொந்த ஏற்பாடு. அறிக்கையில் அதை அவர் பெயர் போட்டே எழுதினேன். இப்போது ஊரில் பாதி வீட்டு மாடிகளில் பாட்டில் காய்கிறது.

போன வாரம் அக்கா வீடியோவில் கூப்பிட்டார்.

"நீங்க அங்கன என்ன தண்ணி குடிக்குதீங்க?"

"கொழாத் தண்ணிதான்க்கா."

"வெயில்ல வைக்கலியா?"

"இங்க வெயிலக் கண்ணால கண்டே ஒரு மாசம் ஆச்சு."

"அய்ய, பாவம்!" என்றார். நெஞ்சாரச் சொன்ன பாவம் அது.

மறுநாள் ஒரு படம் அனுப்பினார். மாடியில் அவர் வீட்டுக்கென்று ஆறு பாட்டில். தள்ளி, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய ஒன்று. அது எனக்காம். நான் இல்லாமல் அதை யார் குடிப்பது என்று கேட்டேன்.

"ஒங்க பேரச் சொல்லி ஆட்டுக்கு ஊத்துதேன். நீங்க வந்தா ஒங்களுக்கு."

அன்றிலிருந்து தினமும் வைக்கிறாராம். காலை ஏழரை மணிக்கு இதை எழுதுகிறேன். சன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, இன்னும் விடியவில்லை. அங்கே உச்சிப்பொழுது, என் தண்ணீர் நல்ல வெயிலில் இருக்கிறது.