குஞ்சுப் பெட்டிக்கு எத்தனை டிகிரி?

எண்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். காலை ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். மடியில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. உள்ளே முந்தின நாள் பொரித்த ஐம்பது கோழிக்குஞ்சுகள். அவை போட்ட கத்தலில் பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டேன்.

நாகலாபுரத்தில் நானும் என் மதினியும்தான் ஒரு வீட்டில் இருக்கிறோம். ஒருத்தியை ஒருத்தி மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் மிளகாய் கருகிப்போனது. இருந்த இரண்டு வெள்ளாடுகளையும் விற்றுத்தான் இந்தக் குஞ்சுகளை வாங்கினோம். இவை பிழைத்தால்தான் எங்களுக்கும் பிழைப்பு. பண்ணைக்காரர், "மொத வாரம் முப்பத்தஞ்சு டிகிரி சூடு இருக்கணும். கொறஞ்சா வெறச்சுப் போவும், கூடுனா வெந்துரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதை எப்படிப் பார்ப்பது என்று கேட்க வெட்கம். பஜாரில் ஒரு கடையில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை ஆறு ரூபாய்க்கு வாங்கிப் பெட்டிக்குள் செருகிக்கொண்டேன்.

டிக்கெட் மூன்று ரூபாய். பெட்டிக்குத் தனியாக முக்கால் ரூபாய். "ஆச்சி, உள்ள இருக்கவங்களுக்கெல்லாம் அரை டிக்கெட் கிழிக்கட்டுமா?" என்றான் கண்டக்டர். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். எட்டயபுரம் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி வெடித்துக் கிடந்தது. களங்களில் காயப்போட்ட மிளகாய் வத்தலின் நெடி பஸ்ஸுக்குள் வந்து எல்லாரும் தும்மினார்கள். குழாயை உருவிப் பார்த்தேன். சிவப்புக் கோடு தொண்ணூற்று மூன்றில் நின்றது. முப்பத்தைந்து எங்கே, இது எங்கே! "அய்யோ, வெந்து போச்சே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

முன் சீட்டில் இருந்த வத்தல் வியாபாரி பாய் திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டிமேல் விரித்தார். யாரோ ஜன்னல் தட்டியைத் தூக்கிவிட்டார்கள். காற்று அள்ளியது. கோடு இறங்க இறங்க எனக்கு உயிர் வந்தது. எண்பத்தெட்டு, எண்பத்துநாலு. குஞ்சுகளோ ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அலறின.

பின் சீட்டிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்ஸம்மா எழுந்து வந்தாள். "பெரியம்மா, என்ன செய்யுதீங்க? குஞ்சு நடுங்குதுல்லா!"

"பண்ணைல முப்பத்தஞ்சுன்னு சொன்னாங்கம்மா. அதுக்குக் கொண்டு வரணும்."

குழாயை வாங்கிப் பார்த்தாள். "இது பாரன்ஹீட்டு. பண்ணைல அவிய சொன்னது சென்டிகிரேடு. ரெண்டும் வேற வேற கணக்கு. நம்ம ஒடம்புச் சூடே இந்தக் குழாய்ல தொண்ணூத்தெட்டு காட்டும்."

"அப்ப நாமளும் வெந்துட்டோமா?" என்றான் கண்டக்டர்.

"நீரு வேகாத ஆளுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"முப்பத்தஞ்சை ஒம்பதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரண்டு கூட்டணும்" என்றாள் நர்ஸ். கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் போட ஆரம்பித்தான். பஸ் குழியில் இறங்கியது, பென்சில் ஓடிவிட்டது.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். "ஒம்பதால பெருக்கி அஞ்சால வகுக்கதுன்னா, ரெண்டு மடங்காக்கி, அதுல பத்துக்கு ஒண்ணு கழிக்கதுதான. வத்தல் மூடைக்குக் காம்பு, தூசின்னு நாங்க கழிக்கதில்லையா, அது மாதிரி. ரெண்டு மடங்கு எழுவது. கழிவு ஏழு. மிச்சம் அறுபத்துமூணு. முப்பத்திரண்டச் சேத்தா தொண்ணூத்தஞ்சு."

"கழிவு போடாம பாய்க்கு ஒரு கணக்கும் வராது" என்றார் மிளகாய் போடும் ஒரு சம்சாரி.

"உம்ம மூடையில காம்புதானவே கூட இருக்கு!" என்றார் பாய்.

நான் குழாயைப் பார்த்தேன். எண்பத்திரண்டு. வேகவில்லை, விறைத்துக்கொண்டிருக்கின்றன. ஈரத் துண்டை எடுத்து அப்பால் போட்டேன். தட்டிகளை இறக்கினார்கள். சூட்டுக்கு எங்கே போவது? டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி கண்ணில் பட்டது. எழுந்தேன். "தம்பி, அதுமேல பெட்டிய வச்சுக்கிடட்டுமா?"

"வைங்க ஆச்சி. தோசையே சுடலாம், பாத்துக்கிடுங்க" என்றார் டிரைவர்.

பாய் கொடுத்த சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டுக் கூடவே நின்றேன். "எத்தனை ஆச்சி?" என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள். எண்பத்தாறு. தொண்ணூறு. தொண்ணூற்று நாலு. "தொண்ணூத்தஞ்சு! தூக்குங்க!" என்று நான் போட்ட சத்தம் கடைசி சீட்டு வரை கேட்டிருக்கும். முன்னால் வந்து உட்கார்ந்திருந்த நர்ஸ் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கினால் மறுபடி மூடிமேல், ஏறினால் மடியில். விளாத்திகுளம் வரும்போது மணி பத்தே முக்கால். குஞ்சுகள் கத்தலை விட்டுப் பெட்டி முழுக்கப் பரவிக் கிடந்தன.

அடுத்த பஸ் பிடித்து நாகலாபுரம் வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. மதினி பெரிய கூடையைக் கவிழ்த்து, உள்ளே கயிற்றில் பல்பைத் தொங்கவிட்டிருந்தாள். குழாயைக் குஞ்சுகளின் உயரத்தில் கட்டினோம். பல்பை ஏற்றியும் இறக்கியும் தொண்ணூற்றைந்தில் நிறுத்தினோம். கோவில்பட்டிப் பண்ணையில் முப்பத்தைந்து, எங்கள் வீட்டில் தொண்ணூற்றைந்து. சூடு ஒன்றுதான் என்று மதினியை நம்பவைப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

கூடைக்குள் குனிந்து பார்த்தபடி அவள் கேட்டாள்: "இதுக ஒரு வாரம் தாங்குமா மதினி?"

மூன்றாவது வாரம் முப்பதுக்குக் குறைக்க வேண்டும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரெண்டு மடங்கு அறுபது. கழிவு ஆறு. ஐம்பத்துநாலோடு முப்பத்திரண்டு.

"மூணாவது வாரம் எம்பத்தாறு வைக்கணும் மதினி" என்றேன். "கயித்த இறுக்கி முடிச்சுப் போட்டுராதீங்க, பல்பை ஒசத்த வேண்டியிருக்கும்."