கெர்ட்ரூடுக்குத் தோன்றியது

ராசம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஆங்கிலம் தெரியும். மலாயாவில் ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய துரையின் பங்களாவில் அவள் ஆயா. துரையின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த வருஷங்களில் அந்தப் பாஷை அவள் காது வழியாகவே உள்ளே இறங்கியிருந்தது.

இறங்காததை கெர்ட்ரூட் விளக்குவாள். அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசர் சந்தனசாமியின் மகள். சிங்கப்பூரில் கன்னியர் மடத்தில் படித்துவிட்டு வந்து, துரைசாணிக்குத் தையல் வேலையும் பேச்சுத்துணையுமாக இருந்தாள். ராசம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

துரைசாணி எதைக் கேட்டாலும் "ஐ சீ" என்பாள். ஆரம்பத்தில் ராசம்மா, எதைப் பார்க்கிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பார்ப்பது இல்லை, புரிகிறது என்று அர்த்தம் என்று சொல்லி கெர்ட்ரூட் சிரித்தாள். மழை வரும்போல் இருந்தால் 'லுக்ஸ் லைக்' என்பார்கள். நிச்சயமில்லாவிட்டால் 'சீம்ஸ்' என்பார்கள். பால் புளித்துவிட்டது என்றால் புளித்துவிட்டதுதான். 'சீம்ஸ்' போட்டால், மோந்து பார்த்தவள் நாளைக்குத் தப்பித்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் எவ்வளவு உஷார் பார் என்று இரண்டு பேரும் துணி மடித்தபடி பேசிச் சிரித்தார்கள்.

ஒரு சாயங்காலம் இருவரும் பங்களா வராந்தாவில் இருந்தார்கள். கீழே செம்மண் சாலையில் ராசம்மாவின் புருஷன் வேலு, ரப்பர் பால் கொட்டகையிலிருந்து காலி வாளிகளோடு, கூலிகள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். உதவி மானேஜரான சின்னதுரையின் கார் வளைவில் வேகமாகத் திரும்பியது. வேலு ஓரமாகத்தான் போனான். கார் அவனை அடித்துக் கால்வாயில் தள்ளியது.

கெர்ட்ரூட் ராசம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "அக்கா, இடிச்சிட்டாரு. பாத்தீங்களா, இடிச்சிட்டாரு."

சின்னதுரை இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி காரில் ஏறிப் போய்விட்டான்.

வேலுவின் வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. சந்தனசாமிதான் கட்டுப் போட்டார். அடுத்த நாளே ஆபீசிலிருந்து பேச்சுக் கிளம்பியது: வேலு கள்ளு குடித்திருந்தானாம், தானாகவே கால்வாயில் விழுந்தானாம். ராசம்மா விடவில்லை. தொழிலாளர் புகார்களை விசாரிக்கும் சர்க்கார் அதிகாரியான லேபர் துரைக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் குளுவாங் டவுனிலிருந்து விசாரணைக்கு வருவதாகப் பதில் வந்தது.

"நீங்க கவலைப்படாதீங்க, அக்கா" என்றாள் கெர்ட்ரூட். "நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் அவங்க பாஷையிலேயே சொல்றேன். அப்புறம் யாரு இல்லேன்னு சொல்லுவா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ராசம்மா விசாரணை நாள்வரை தூங்கி எழுந்தாள்.

ஆபீஸ் அறையில் லேபர் துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். பெரிய துரையும் சின்னதுரையும் ஜன்னலோரம் இருந்தார்கள். ராசம்மா தன் கண்ணால் கண்டதைச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைக் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். லேபர் துரை "ஐ சீ" என்றார். அப்புறம் கெர்ட்ரூடை அழைத்தார்கள்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை. ராசம்மாவைப் பார்க்காமல் வந்து நின்றாள். என்ன பார்த்தாய் என்று லேபர் துரை கேட்டார். தான் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று அவள் நல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அந்த ஆள் தடுமாறியதுபோல் இருந்தது. கார் சற்றுத் தள்ளி வந்ததாகத் தோன்றியது. தான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். 'சீம்ட்' என்றாள், மறுபடியும் 'சீம்ட்' என்றாள். பார்த்தேன் என்ற சொல் மட்டும் வரவே இல்லை.

யாரும் அதைத் தமிழில் சொல்லவில்லை. ராசம்மாவுக்குப் புரிய வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள். ராசம்மாவுக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. மணிக்கட்டில் இன்னும் அந்தப் பிடி இருப்பதுபோல் அவள் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

வேலு மேல் தப்பு என்று முடிந்தது. நடக்க முடியாதவனுக்கு லயத்தில் இடமில்லை என்றார்கள்.

மூட்டை கட்டும்போது கெர்ட்ரூட் லயத்துக்கே வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, இந்த ஆஸ்பத்திரியில் தொடர்ந்து இருக்க வேண்டுமா என்று கேட்டார்களாம். தம்பிகள் படிக்கிறார்களாம்.

"நான் பொய் சொல்லலக்கா" என்றாள். "அப்படித் தோணுச்சுன்னுதான் சொன்னேன்."

ராசம்மா பாயைச் சுருட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "பொய் சொல்லியிருந்தா உன்னோட சண்டையாவது போட்டிருப்பேன், தங்கச்சி. நீ அதுக்கும் இடம் வைக்கல."

கெர்ட்ரூட் அழுதாள். ராசம்மா சமாதானம் சொல்லவில்லை.

பெக்கான் நானாஸ் என்ற ஊரில் ஒரு சொந்தக்காரர் வழியாக அன்னாசியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சாறு பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்தன. வேலு கம்பு ஊன்றி வீட்டைப் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்தன.

கெர்ட்ரூடுக்குக் கல்யாணமாகி மலாக்கா போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். ராசம்மா மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஒரு தடவை தொழிற்சாலையைப் பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். கூட வந்த கணக்கெழுதும் கிராணிக்கு ஆங்கிலம் திக்கியது. இங்கே யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமா என்று அவன் பெண்களைப் பார்த்துக் கேட்டான். பக்கத்தில் இருந்த கிருஷ்ணம்மாவுக்கு ராசம்மா பங்களாவில் வேலை பார்த்தவள் என்று தெரியும். முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ராசம்மா அடுத்த பழத்தை எடுத்தாள்.