சிவப்பு ரப்பர் பேண்ட்

நாய்களுக்கு முடிவெட்டும் அந்த அம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது தெரு முழுக்கத் தெரியும். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் இடுப்புயர மேசை, பக்கத்தில் சீப்புகள், கத்தரிகள், ஒரு டிரிம்மர். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று யாராவது பழமொழியை ஆரம்பித்தால், "குளிப்பாட்டுறது நான். நடுவீட்டுல வச்சு மறந்துபோறது நீங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

"உன் வாயாலயே பாதி வாடிக்கை ஓடிப்போச்சு" என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர். அவருக்கு வேறொரு குறையும் உண்டு. வேண்டாமென்று வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போன நாய்கள் நான்கு உள்ளறையில் கிடந்தன. நான்காவது வந்த அன்று, "இன்னொண்ணு உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றார்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுங்க" என்றாள்.

அன்று காலை வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போன வருஷம், நாய் வாங்குவதற்கு முன்பே, மகளைக் கூட்டிக்கொண்டு யோசனை கேட்க வந்தவர். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள்: "சின்ன டெரியர் நல்ல நாய்தான். ஆனா நீளமுடி வேணாம். அது வளர்ந்துக்கிட்டே இருக்கும், தினம் கால் மணி நேரம் சீவணும். முடியாதுன்னா குட்டைமுடியா பாருங்க. அதையும் தினம் ஓடவிடணும்." மகளோ போனில் இருந்த படத்தைக் காட்டி, "இதுதான் பொம்மை மாதிரி இருக்கு" என்றாள். பொம்மைதான் ஜெயித்தது.

இப்போது அந்தப் பொம்மை அழுக்குத் துணிமூட்டையாக வந்திருந்தது. மேசைமேல் வைத்தவர், "கடை திறக்கணும்க்கா. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று நழுவப் பார்த்தார்.

"பிடிங்க."

"நானா?"

"உங்க நாய்தானே? பிடிங்க."

சிக்குமுடி வெட்டும்போது நாய்க்குச் சொந்தக்காரர்தான் பிடிக்க வேண்டும் என்பது அவள் கடைச் சட்டம். தங்கள் அலட்சியத்தைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான். அவர் வெள்ளைச் சட்டையோடு பிடித்தார். முடி கொத்துக் கொத்தாக விழவில்லை, கம்பளிபோல் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. கீழே தோல் செக்கச்செவேலென்று இருந்தது. டெரியர் நடுங்கியதே தவிர சத்தம் போடவில்லை. இடது காதைத் தொட்டதும்தான் வீலென்று கத்தியது.

அவள் டிரிம்மரை நிறுத்திவிட்டு விரலால் முடியை விலக்கினாள். காதின் நடுவே ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் சதையில் இறுகிக் கிடந்தது. அதற்கு மேலே காது கறுத்திருந்தது.

"இது என்ன?"

"பாப்பா பிறந்தநாளுக்கு... போட்டோவுக்காக இந்தக் காதுல குடுமி போட்டா. பத்து நாள் இருக்கும். கவனிக்கலை."

"ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறீங்க. உங்க வீட்டு நாயோட காது கண்ணுல படலையா?"

கூர்நுனிக் கத்தரியால் ரப்பர் பேண்டை வெட்டி எடுத்தாள். "நுனி போச்சு. இப்பவே டாக்டர்கிட்ட ஓடுங்க, மிச்சமாவது தேறும்."

அவர் நகரவில்லை. "எங்களுக்கு இது சரிப்படாதுக்கா. பாப்பாவுக்கும் ஆசை விட்டுப்போச்சு. நீங்களே வச்சுக்கங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உள்ளறையில் நான்கும் குரைத்தன. அந்த நான்கை விட்டுப்போன வீடுகளில் மூன்றில் இப்போது புதுக் குட்டிகள் இருப்பது அவளுக்குத் தெரியும். அவற்றுக்கு முடிவெட்டியவளும் அவளே. புண்ணியம் புண்ணியம் என்று அவள் தலையில் கட்டிவிட்டு, கை வீசிக்கொண்டு போய் அடுத்ததை வாங்கியிருக்கிறார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவள் தானே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"வச்சுக்க மாட்டேன்" என்றாள். "நேரா டாக்டர். நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் பாப்பாவும் நீங்களும் இதோட இங்க இருக்கணும். சீப்பு பிடிக்கச் சொல்லித்தரேன். வரலேன்னா இந்த முடியை உங்க கடை ஷோகேஸ்ல கொண்டுவந்து வைப்பேன்."

அவள் டெரியரைத் தரையில் இறக்கிவிட்டாள். மழித்த உடம்போடு அது தள்ளாடி நடந்து, வாலை ஆட்டிக்கொண்டே போய் அவர் செருப்பின் மேல் உட்கார்ந்தது. அவர் குனிந்து தூக்க, அந்தக் கையையே நக்கியது. அதற்குக் கொஞ்சம்கூடக் கோபமில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தடவை கடிச்சுதான் வையேன், பைத்தியமே!" என்று அதைப் பார்த்துக் கத்தினாள்.