நான் துடிக்க வெச்ச இதயம்

அசையிற படம் போடுற தொழில்ல ஒரு கஷ்டம் இருக்குது. நாம ஒரு மாசம் கண்ணு எரிய உக்காந்து செஞ்சத ஜனங்க ஒரு நிமிஷத்துல பாத்துட்டு, "முடிஞ்சிதா?"ன்னு கேப்பாங்க. இந்தக் கேள்விய வாங்கினவங்க யாராச்சும் இருந்தா வாங்க, பக்கத்துல உக்காருங்க.

நான் ராத்திரி ஸ்கூல்ல படிச்சவன். பட்டுப்புடவைக்கு கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டுக்கினு இருந்தேன். செவிலிமேடு பக்கம் ஒரு நர்ஸிங் ஸ்கூல் பிரின்ஸிபாலம்மா, "உடம்புக்குள்ள நடக்குறத அசைய வெச்சிக் காட்டினா பொண்ணுங்களுக்குப் புரியும், வாங்க"ன்னு கூப்டாங்க. ஆறு மாசம் சோதனை. மாடல் பரீட்சையில பொண்ணுங்க நல்லா எழுதினா வேலை நெலைக்கும், இல்லன்னா நான் வூட்டுக்கு.

உடம்பு பாடம் எடுக்குறவங்க சரளா மேடம். இருபது வருஷமா சுவத்துல ஒரு சார்ட், கையில ஒரு குச்சி. என்னைப் பாத்தாலே அவங்களுக்கு ஆவாது.

ரத்தக்குழாய்க்கு ஜரிகை

மொதல் படம் ரத்த ஓட்டம். "ஒரு குழாய் செவப்பு, ஒரு குழாய் நீலம்"னாங்க மேடம். எந்த செவப்புன்னு சொல்லல. எனக்குத் தெரிஞ்சது புடவை கலருதான். ஒண்ணுக்கு அரக்கு குடுத்தேன், இன்னொண்ணுக்கு மயில்கழுத்து. ஓரம் எடுப்பா தெரியலன்னு ரெண்டுக்கும் மெல்லிசா ஒரு தங்கக் கோடு இழுத்து வுட்டேன்.

வகுப்புல போட்டதும் அறுபது பொண்ணுங்களும் கப்சிப். பாடம் உள்ள எறங்குதுன்னு நெனச்சி என் முதுக நானே தட்டிக்கினேன். படம் முடிஞ்சதும் முன்பெஞ்சு பொண்ணு கை தூக்கிச்சி.

"சார், இந்த காம்பினேஷன் எந்தக் கடையில கெடைக்கும்? எங்க அக்காவுக்குக் கல்யாணம்."

வெறும் இட்லி

அடுத்தது ஜீரணம். புஸ்தகத்துல 'உணவு'ன்னு மட்டும்தான் போட்டிருந்துது. நான் ஒரு இட்லிய போட்டேன். படத்துல ஒரு ஆளு இட்லிய மெல்லுறான், அது தொண்டையில எறங்குது, இரைப்பையில போயி கிரைண்டர்ல சுத்துற மாவாட்டம் சுத்துது. எனக்கே அழகா இருந்துது.

வாட்ச்மேன் முனுசாமி ஜன்னல் வழியா மொத்தத்தையும் பாத்துக்கினு இருந்தாரு. முடிஞ்சதும் நேரா உள்ள வந்துட்டாரு.

"தொட்டுக்க ஒண்ணுமில்லாம முழுங்குறான் சார், பாவம். ஒரு வாய் தண்ணியாச்சும் குடு அவனுக்கு!"

மிதியும் முதுகும்

சின்ன காஞ்சிபுரத்துல மருத்துவ முகாம். நெசவு செய்யிறவங்களுக்கு முதுகு வலி வராம எப்டி உக்காரணும்னு ஒரு படம் செஞ்சி எடுத்துக்கினு போனோம். படத்துல ஒருத்தன் தறியில உக்காந்து, கால்ல மிதிய அமுக்கிக்கினு, இழை கொண்டு போற நாடாவ அந்தாண்ட இந்தாண்ட ஓட வுட்டு நெய்யிறான், தப்பா குனிஞ்சா முதுகெலும்பு செவப்பா மின்னும்.

ஏகாம்பரம்னு ஒரு பெரியவரு, நாப்பது வருஷமா தறியில இருக்குறவரு, அத மூணு தடவை போடச் சொல்லிப் பாத்தாரு. கூட வந்த பொண்ணுங்களுக்குப் பெருமை தாங்கல. "முதுக எப்டி வெச்சிக்கணும்னு புரிஞ்சிதாண்ணே?"ன்னு கேட்டேன். நான் டிசைன் போட்டவனே தவிர தறியில உக்காந்தவன் இல்லன்னு அவருக்கு எப்டியோ தெரிஞ்சி போச்சி.

"முதுகு கெடக்குதுபா, அவன் கால பாரு. நாடா இந்தாண்ட வர்றதுக்குள்ள மிதிய வுட்டுட்டானே, இழை அறுந்து போவாது? இவன மொதல்ல தறிய வுட்டு எறக்கு!"

நாலுக்கு ஒரு ஓய்வு

கடைசியா இதயம். நான் நாலு துடிப்புதான் வரைஞ்சேன். அதையே திரும்பத் திரும்ப ஓட வுட்டேன். நாலு முடிஞ்சி மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்போது கண்ணு சிமிட்டுற நேரம் படம் நிக்கும். நான் பாத்தேன். எவன் கவனிக்கப் போறான்னு வுட்டுட்டேன்.

மாடல் பரீட்சை வந்துது. 'இதயத் துடிப்பை விவரி'ன்னு கேள்வி. மறுநாள் சரளா மேடம் பேப்பர் கட்டோட பிரின்ஸிபால் ரூமுக்குப் போனாங்க. என்னையும் கூப்டாங்க. டிபன் பாக்ஸ எடுத்துக்கினேதான் போனேன்.

அறுபது பொண்ணுங்களும் எழுதியிருந்துதுங்க: 'இதயம் நான்கு முறை துடித்த பின் சிறிது ஓய்வெடுக்கும்.' ஒரு பொண்ணு 'களைப்பு நீங்க'ன்னு காரணமே குடுத்திருந்துது.

"இப்டி துடிச்சா அவசர வார்டுல போடணும் மேடம். இவர அனுப்பிடுங்க"ன்னாங்க சரளா மேடம்.

பிரின்ஸிபாலம்மா அறுபது பேப்பரையும் பொறுமையா பொரட்டினாங்க. "போன வருஷம் இதே கேள்விக்கு என்ன எழுதினாங்க சரளா?"

"ஆளுக்கு ஒரு மாதிரி தப்பா எழுதினாங்க மேடம்."

பிரின்ஸிபாலம்மா கண்ணாடிய கழட்டிட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"இந்த வருஷம் அறுபது பேரும் ஒரே தப்ப எழுதியிருக்காங்க. அப்போ அறுபது பேரும் தூங்காம பாத்திருக்காங்க. உங்க வேலை எங்கயும் போவல, போயி மொதல்ல அந்த இதயத்த நிக்காம ஓட வைங்க!"

சரியா போட்டத எவனும் ஞாபகம் வெச்சிக்க மாட்டான், தப்பா போட்டத ஒரு வகுப்பே மனப்பாடம் பண்ணிடும்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து, ஒவ்வொரு படத்தையும் நூறு தடவை பாக்காம நான் வூட்டுக்குக் கெளம்புறதில்ல.